குதிரைக்கு இன்ஷூரன்ஸ்: எதை எடுப்பது, எதை விடுவது? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காப்பீடு பற்றியவை. அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முதல் முறையாகக் குதிரை வாங்கியிருக்கிறேன். எட்டு வயது, காயடித்த ஆண். வார இறுதியில் சவாரி, எப்போதாவது சின்னதாகத் தடைதாண்டல், அவ்வளவுதான். ஏஜென்ட் கொடுத்த தாளில் உயிரிழப்பு, திருட்டு, மருத்துவச் செலவு, பயன்பாட்டு இழப்பு, மூன்றாம் நபர், சவாரி செய்பவருக்கு விபத்து, சேணம், டிரெய்லர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் எடுக்க வசதி இல்லை. எதை எடுக்கட்டும் சார்?

பதில்: முதலில் மூன்றாம் நபர் பாதுகாப்பு. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. உங்கள் குதிரை சுமார் 500 கிலோ எடையுள்ள, பயந்தால் ஓடத்தான் தெரிந்த ஒரு பிராணி. வேலிக் கதவைச் சரியாகச் சாத்தாத ஒரு ராத்திரி அது சாலைக்கு வந்து ஒரு கார் மோதினால், காரில் இருந்தவர்களின் சிகிச்சை, வேலை இழப்பு, வழக்குச் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழலாம், அதற்கு மேல்வரம்பே இல்லை. குதிரை செத்துப்போனால் அதை வாங்கிய விலைதான் நஷ்டம், இதில் வீடே போகலாம். எல்லாப் பாதுகாப்புகளிலும் பெரும்பாலும் மலிவானதும் இதுதான். சில இடங்களில் சவாரிச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாலே இது சேர்ந்து வரும். அப்படியானால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டாம், எந்த அளவுக்கு வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருத்துவச் செலவு. உயிரிழப்பு மூன்றாவது. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குதிரை இறப்பதற்குத் தொகை எடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுவதற்கு ஒன்றும் எடுக்காமல் விடுகிறார்கள். உங்களைப் போல வார இறுதியில் சவாரி செய்கிறவருக்குக் குதிரையின் விலையைவிட ஒரு பெரிய அறுவைச்சிகிச்சையின் பில் அதிகமாக வருவது சாதாரணம்.

பயன்பாட்டு இழப்பு, அதாவது குதிரை உயிரோடு இருந்தும் நீங்கள் வைத்திருக்கும் வேலைக்கு உதவாமல் போனால் தருகிற தொகை, உங்களுக்கு வேண்டாம். பிரீமியம் அதிகம், நிரூபிப்பது கஷ்டம். குதிரை இனி எப்போதுமே அந்த வேலைக்கு உதவாது என்று மருத்துவர் உறுதியாக எழுதித் தர வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் சிகிச்சையும் பரிசோதனையும் ஓடும். கிடைப்பதும் பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. சில இடங்களில் தொகை கொடுத்த பிறகு குதிரையை மறுபடி யாரும் சவாரிக்கென்று விற்றுவிடக் கூடாது என்பதற்காக, அதன் தோலில் வட்டத்துக்குள் 'எல்' என்ற எழுத்தைக் குளிர் முத்திரையாக (உறைகுளிராக்கிய இரும்பால் இடும் அடையாளம்) குத்தும் வழக்கமும் இருந்திருக்கிறது. போட்டிக் குதிரையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர் இதைப் பற்றி யோசிக்கட்டும்.

சவாரி செய்பவருக்கான விபத்துப் பாதுகாப்பு? 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பார்கள், விழுந்து எலும்பு முறிந்து மூன்று மாதம் சம்பளமில்லாமல் கிடந்தவருக்கு அது நன்றாகப் புரியும். ஆனால் உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு குதிரைச் சவாரியை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றால் தனியாகத் தேவையில்லை.

கேள்வி: என் பெட்டைக்குதிரைக்கு இரண்டு வருடம் முன்பு வலது முன்னங்காலில் தசைநாண் காயம் ஏற்பட்டு, ஆறு மாதம் ஓய்வுக்குப் பிறகு முழுதாகக் குணமாகிவிட்டது. இப்போது துளி நொண்டல் இல்லை. விண்ணப்பத்தில் இதை எழுதினால் பாலிசியே கிடைக்காதோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

பதில்: எழுதுங்கள் அம்மா, தேதியோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, பாலிசி வந்துவிடும், பிரீமியமும் வாங்கிக்கொள்வார்கள். என்றைக்குப் பெரிய க்ளெய்ம் போகிறதோ, அன்றைக்குத்தான் குதிரையின் முழு மருத்துவக் குறிப்பையும் கேட்டு வாங்குவார்கள். மருத்துவரின் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரி ஒன்று இருக்கும்: 'வலது முன்னங்கால், நொண்டல், ஸ்கேன் எடுக்கப்பட்டது.' அதோடு கதை முடிந்தது. காலுக்கான க்ளெய்ம் மட்டுமல்ல, உண்மையை மறைத்ததாகச் சொல்லி மொத்த பாலிசியையே செல்லாததாக்கவும் முடியும்.

எழுதினால் என்ன நடக்கும்? பெரும்பாலும் பாலிசி கொடுப்பார்கள், அந்தக் காயத்தை விலக்கிவிட்டுக் கொடுப்பார்கள். இங்கேதான் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'வலது முன்னங்கால் தசைநாண் காயமும் அதன் பின்விளைவுகளும்' என்று இருந்தால் நியாயம். 'வலது முன்னங்கால்' என்று மட்டும் இருந்தால், நாளைக்கு அதே காலில் ஆணி ஏறினாலும் பணம் வராது. 'முன்னங்கால்கள் சார்ந்த எந்த நொண்டலும்' என்று இருந்தால் இடது காலும் போச்சு. சில நிறுவனங்கள் ஒரு பக்கம் வந்த பிரச்சினை மறுபக்கமும் வரும் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் விலக்குவதுண்டு. மருத்துவரிடம் குணமானதற்கான சான்றும் கடைசி ஸ்கேன் அறிக்கையும் வாங்கி அனுப்பி, விலக்கைக் குறுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் குறுக்குகிறார்கள், கேட்காதவர்களுக்கு அச்சடித்த வாசகமே வரும். ஒரு வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடினால் விலக்கை மறுபரிசீலனை செய்வீர்களா என்று இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. மருத்துவரிடம் பேசும்போது 'போன வருஷத்திலிருந்தே கொஞ்சம் விறைப்பாகத்தான் நடக்கிறது' என்று யோசிக்காமல் சொல்கிறோம் இல்லையா, அதுவும் அந்தப் பதிவேட்டில் ஏறும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்த்தது என்ன, எப்போது பார்த்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன், ஏனென்றால் நோயின் முதல் அறிகுறி எந்தத் தேதியில் தெரிந்தது என்பதை வைத்துத்தான் காப்பீட்டில் பாதி வழக்கு நடக்கிறது.

கேள்வி: இரண்டு பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் மருத்துவச் செலவுக்கான தொகை ஒன்றுதான், ஆனால் ஒன்றின் பிரீமியம் கிட்டத்தட்ட பாதி. மலிவானதை எடுத்துவிடலாமா?

பதில்: பாதி விலை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எடுக்காதீர்கள். மூன்று இடத்தில் தேடுங்கள்.

அந்தத் தொகை ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா, இல்லை வருடம் முழுவதற்கும் சேர்த்தா என்பது முதல் இடம். மார்ச்சில் கண்ணில் புண், ஆகஸ்டில் குளம்பு அழற்சி, டிசம்பரில் வயிற்றுவலி என்று வந்தால் முதல் வகையில் மூன்று முறையும் முழுத் தொகை உண்டு. இரண்டாம் வகையில் டிசம்பருக்குள் பானை காலியாகியிருக்கும்.

அடுத்தது உங்கள் பங்கு. முதலில் ஒரு நிலையான தொகை, அப்புறம் மீதியில் ஒரு சதவீதம் என்று இரண்டையும் பிடிக்கிற பாலிசிகள் இருக்கின்றன. பில் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் 150 உங்களுடையது, மீதி 850-இல் 20 சதவீதம், அதாவது 170, அதுவும் உங்களுடையது, கைக்கு வருவது 680. சின்ன பில்லில் இது வலிக்காது. பெரிய பில்லில் அந்த 20 சதவீதம்தான் ஆளை உட்கார வைக்கும்.

மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: கால வரம்பு. பல பாலிசிகளில் ஒரு நோய்க்கு முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 12 மாதம் வரைதான் பணம் தருவார்கள். நீங்கள் மருத்துவரைக் கூப்பிட்ட நாளிலிருந்து அல்ல, பில் வந்த நாளிலிருந்தும் அல்ல. மூட்டுத் தேய்மானம் மாதிரி நீண்டு போகிற நொண்டலில், ஊசி, ஓய்வு, விசேஷ லாடம், மறுபடி எக்ஸ்ரே என்று போகப் போக அந்த 12 மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகு அந்த நோய் உங்கள் பாலிசியில் விலக்கு ஆகிவிடும். ஆகவே குதிரை லேசாக நொண்டுகிறது என்று தெரிந்தும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நான்கு மாதம் தள்ளுகிறவர், தன் பாலிசியில் மூன்றில் ஒரு பங்கைத் தானே தூக்கிப் போடுகிறார்.

இன்னும் சிலது: எம்.ஆர்.ஐ. மாதிரி ஸ்கேன்களுக்குத் தனி உள்வரம்பு இருக்கிறதா, வயிற்று அறுவைச்சிகிச்சைக்குத் தனி வரம்பு இருக்கிறதா, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவு சேருமா. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பல் ராவுதல், வழக்கமான லாடம் இவை பொதுவாக எதிலும் சேராது. ஆனால் இவற்றைச் செய்யாமல் விட்டால் க்ளெய்ம் கிடைக்காமல் போகும். டெட்டனஸ் தடுப்பூசி போடாத குதிரைக்கு டெட்டனஸ் வந்தால் அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்கு ராத்திரியில் வயிற்றுவலி வந்து பெரிய அமளியாகிவிட்டது. எங்கள் குதிரைக்கு அப்படி வந்தால், இன்ஷூரன்ஸ் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நல்ல வேளை, வருவதற்கு முன்பே கேட்டீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கம். உடம்புக்குச் சம்பந்தமில்லாத சின்ன இரைப்பை, அதற்குக் கீழே 20 மீட்டருக்கு மேல் நீளும் சிறுகுடல், பெரிய வளைவுகளோடு வயிற்றில் அதிகப் பிடிப்பில்லாமல் கிடக்கும் பெருங்குடல். அடைப்போ முறுக்கோ விழ இத்தனை இடம் இருக்கிறது. வலி வந்த குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்துப் புரளும், சாணி போடாது. அமைதியாக இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. 60-ஐத் தாண்டி அப்படியே நின்றால் நிலைமை மோசம்.

வயிற்றுவலியில் பெரும்பாலானவை மருந்திலேயே அடங்கிவிடும். அடங்காதவற்றில், மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கை விட்டுப் பரிசோதித்து, 'ஆபரேஷன், இல்லையென்றால் குதிரை இல்லை' என்று சொல்வார். அந்த முடிவுக்கு உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், சில சமயம் அதுவும் இல்லை. மருத்துவமனை முன்பணம் கேட்கும். இன்ஷூரன்ஸ் பல சமயம் பில்லைப் பார்த்த பிறகுதான் திருப்பித் தரும். எனவே இன்றைக்கே செய்யுங்கள்: நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணையும் பாலிசி எண்ணையும் லாயத்தின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் முடிவெடுக்கலாம், எவ்வளவு வரை செலவு செய்யலாம், ஆபரேஷனுக்குச் சம்மதமா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, லாயம் பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள். மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முன்பணத்துக்குக் கையில் ஒரு தொகை இருக்கட்டும், பாலிசி இருக்கிறது என்பதால் அது தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

குதிரையின் வயதையும் சேர்த்து யோசியுங்கள். ஆபரேஷன் முடிந்தால் முடிந்துவிட்டது என்றில்லை. வாரக்கணக்கில் கொட்டடியிலேயே நிற்க வேண்டும், மறுபடி சேணம் போட மாதங்கள் ஆகும். இந்தச் செலவும் உழைப்பும் பாலிசியில் முழுதாக வராது. ஆபரேஷன் வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவெடுப்பதும் ஒரு முடிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி முடிவெடுத்தால் பாலிசியையும் அதற்கேற்ப எடுக்கலாம். ஆனால் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு எடுங்கள், ஏனென்றால் காப்பாற்ற வாய்ப்பிருந்தும் சிகிச்சை மறுத்தால் உயிரிழப்புத் தொகை வராமல் போகலாம்.

கேள்வி: மருத்துவர் கருணைக்கொலை செய்யச் சொன்னால் உயிரிழப்புத் தொகை கட்டாயம் கிடைக்கும்தானே?

பதில்: கட்டாயம் இல்லை. குதிரைக்காரர்களுக்கு இதைவிடக் கசப்பான விஷயம் காப்பீட்டில் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். மருத்துவர் பார்ப்பது குதிரையின் நலன். நிறுவனம் பார்ப்பது பாலிசியின் விதி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பேவா என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சங்கம் இதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன் சாரம்: காயமோ நோயோ, தீர்க்க முடியாத, தாங்க முடியாத வேதனையைத் தந்து, அந்த நேரத்தில் வேறு சிகிச்சை வழியே இல்லாமல், உடனடியாக உயிரை முடித்தாக வேண்டிய அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்றால் யாரும் வாதாட மாட்டார்கள். ஆனால் நாள்பட்ட மூட்டு வலி, சவாரிக்கு உதவாது, மேய்ச்சலில் விட்டால் மருந்தோடு வாழும் என்கிற குதிரையை, அதன் நல்லதுக்காகவே நீங்கள் விடுவித்தாலும் பல பாலிசிகளில் அது க்ளெய்ம் ஆகாது. அதற்காக வலியோடு குதிரையை வைத்திருக்காதீர்கள். பணம் வராது என்று தெரிந்து முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

நடைமுறை இதுதான்: அவசரம் இல்லையென்றால் முன்அனுமதி வாங்காமல் எதுவும் செய்யக் கூடாது. அவசரமென்றால் மருத்துவர் முடிவெடுக்கலாம், உடனே நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும். சான்றிதழில் காரணமும், உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். பிரேதப் பரிசோதனை கேட்கலாம், ஆகவே உடலை அப்புறப்படுத்துமுன் ஒரு போன் போடுங்கள். அந்த நேரத்தில் மனசு எதற்கும் ஓடாது என்பது தெரியும். அதனால் லாயத்தில் இன்னொருவருக்கும் இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது.

கேள்வி: சும்மா விலைக்கு வாங்கிய கன்று. மூன்று வருடம் பழக்கி, இப்போது போட்டிகளில் பரிசு வாங்குகிறது. எந்த விலைக்கு இன்ஷூர் செய்வது?

பதில்: இன்றைக்கு விற்றால் என்ன வருமோ அந்த விலைக்கு. முதலில் பாலிசி எந்த வகை என்று பாருங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் எழுதிய தொகை வரும். சந்தை மதிப்பு என்றால் எழுதிய தொகை, இறந்த அன்றைய விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் வரும். இந்த இரண்டாம் வகையில் பாசத்தில் கூட்டிப் போடுவதால் பிரீமியம்தான் கூடும். மதிப்பை உயர்த்துவதற்குச் சான்று வேண்டும்: பயிற்சி ரசீது, போட்டி முடிவுகள், அதே தரத்துக் குதிரைகள் விற்ற விலை, யாராவது விலைக்குக் கேட்டு எழுதியிருந்தால் அதுவும். தொகை ஒரு அளவுக்கு மேல் போனால் மருத்துவப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேட்பார்கள். போட்டியில் இறக்குகிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதாரண சவாரிக்கு எடுத்த பாலிசி, தடைதாண்டும் போட்டியில் நடந்த விபத்துக்குப் பேசாது.

கேள்வி: குதிரைக்குப் பத்தொன்பது வயது. பதினைந்து வருடமாக பிரீமியம் கட்டுகிறேன். இந்த வருடம் நோய்களை நீக்கிவிட்டு விபத்துக்கு மட்டும் என்று புதுப்பிப்பு வந்திருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

பதில்: மாறுவதற்கு முன் நில்லுங்கள். 15-லிருந்து 20 வயதுக்குள் இப்படி விபத்துக்கு மட்டும் என்று சுருக்குவது பரவலான வழக்கம்தான், உங்கள்மீது தனிக் கோபம் எதுவும் இல்லை. புது நிறுவனத்துக்குப் போனால் இதுவரை வந்த எல்லா நோயும் 'முன்பே இருந்தது' என்ற கணக்கில் போய்விடும். க்ளெய்ம் செய்ய முடியாத காத்திருப்புக் காலமும் புதிதாகத் தொடங்கும், நோய்களுக்குப் பல இடங்களில் 14 நாள். வயதான குதிரைக்கென்றே தனி பாலிசி இருந்தால் விசாரியுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நபர் பாதுகாப்பையும் விபத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சமாகிற பிரீமியத்தை மாதாமாதம் குதிரையின் பெயரில் ஒதுக்குங்கள். உயிரிழப்புத் தொகைக்கு இந்த வயதில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து, சந்தை மதிப்பு குறைந்துவிட்டிருக்கும்.

இளைய குதிரை வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: விலை குறைவு என்று ஆண்டுக்கு ஒரு நிறுவனம் மாறுவது குதிரைக் காப்பீட்டில் சரிப்படாது.

கேள்வி: காப்பீடே வேண்டாம், அந்தப் பணத்தை நானே சேர்த்து வைக்கிறேன் என்றால்?

பதில்: மருத்துவச் செலவுக்கும் உயிரிழப்புக்கும் அது நியாயமான வழிதான், முக்கியமாக ஐந்தாறு குதிரை வைத்திருப்பவருக்கு. சேர்க்கத் தொடங்கிய இரண்டாம் மாதமே ஆபரேஷன் வந்தால் கையிலிருந்து போட முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால், இரண்டு மூன்று வருடம் பாலிசி வைத்துக்கொண்டே பணத்தையும் சேர்த்து வாருங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு எவ்வளவு சேர்த்தாலும் போதாது.

கேள்வி: தோழிக்குக் குதிரையை வாரம் இரண்டு நாள் சவாரிக்குக் கொடுக்கிறேன். பாலிசியில் அவர் பெயர் வேண்டுமா?

பதில்: எழுத்தில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். சிலவற்றில் உரிமையாளரின் அனுமதியோடு ஏறும் யாரும் அடங்குவார்கள், சிலவற்றில் பெயர் குறிப்பிட்டவர் மட்டும். அவர் உங்களுக்குப் பணம் கொடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். வாடகையாகக் கருதப்பட்டால் அது வியாபாரக் கணக்கில் போய்விடும், சொந்த உபயோகப் பாலிசி அதை ஏற்காது. தீனிச் செலவில் பங்கு என்றாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.